சரண்டர் செய்த போனுக்கு வந்த பில்

4

பில்லில் இருந்தது ஒரே ஒரு வரி. தொகை முந்நூற்று நாற்பது. அதை மறுப்பதற்காக ஒரு துப்பறியும் ஆபீஸின் படியேறி வருகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று கிறுக்கு, இல்லையென்றால் எதையோ மறைக்கிறார்கள். கண்டக்டரின் கணிப்பு இது. எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த பெண்ணை எந்த வகையில் சேர்ப்பதென்று அவர் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

கண்டக்டர் என்பது வெறும் பட்டப்பெயர் அல்ல. பதினெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். டிக்கெட் எடுக்காதவன் எங்கே நின்றாலும் அவன் பிடரியைப் பார்த்தே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணை நம்பித்தான் டீச்சர் அவரைக் கூட வைத்திருந்தார். டீச்சரும் நிஜமாகவே டீச்சர்தான். இருபத்தாறு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்து, காப்பியடிக்கிற பிள்ளைகளைப் பிடித்துப் பிடித்துக் கை பழகி, ஓய்வு பெற்ற கையோடு பெரியவர்களைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்.

"நாலு மாசம் முன்னாடி சரண்டர் பண்ணின லேண்ட்லைன் மேடம்," என்றாள் அந்தப் பெண். "அப்பா பேர்ல இருந்தது. பாக்கியெல்லாம் கட்டி, கருவியைத் திருப்பிக் குடுத்து, ரசீதும் வாங்கியாச்சு. மூடின கணக்குக்கு எப்படி பில் வரும்? தப்பா போட்டிருக்கீங்கன்னு டெலிபோன் ஆபீஸ்ல போய் நான்தான் சண்டை போட்டேன்."

"போட்டு?"

"என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டேன்."

அவள் சொன்னதை டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவளுடைய அப்பா பூட்டுக்காரர். முப்பது வருஷமாக ஊரில் பாதிக் கதவுகளுக்கு அவர்தான் பூட்டு. பூட்டு மாட்டிய ஒவ்வொரு கதவிலும் உள்பக்கமாக ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். அதில் வீட்டு லேண்ட்லைன் நம்பர் இருக்கும். திடீரென்று ஒருநாள், வயசாகிவிட்டது, இனி வெளிவேலை வேண்டாம், போனை மூடிவிடு என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு மருமகனிடம் கொடுத்தனுப்பினார். மருமகன் கொண்டுபோய்க் கொடுத்தான். கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

மூன்று மாசம் கழித்து பில் வந்தது. 'எண் மாற்ற அறிவிப்புச் சேவை' என்று அந்த ஒற்றை வரி சொன்னது. அதாவது, பழைய நம்பருக்கு யார் அடித்தாலும் ஒரு பதிவுக் குரல், இந்த எண் மாறிவிட்டது என்று சொல்லி ஒரு புது மொபைல் எண்ணைக் கொடுக்கும். அந்த மொபைல் யாருடையதென்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது அது அணைந்தே கிடந்தது.

"மூணு குடும்பம் அந்த மொபைலுக்குப் பேசியிருக்காங்க. பூட்டு இறுகுது, வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க, அப்புறம் நாலு நாள் வெளியூர் போறோம்னு சொல்லியிருக்காங்க. கரகரன்னு ஒரு குரல், வேலை நிறைய இருக்கு, நீங்க வந்தப்புறம் வர்றேன்னு சொல்லியிருக்கு. திரும்பி வந்து பாத்தா பூட்டு பூட்டினபடி இருக்கு. பீரோ மட்டும் காலி."

"சாவியோடதான் உள்ள போயிருக்கான்," என்றார் கண்டக்டர். "மரியாதை தெரிஞ்ச திருடன். கதவுக்குச் சேதாரம் வைக்கல."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மாட்டிய பூட்டுக்கெல்லாம் பூட்டுக்காரர் கடையில் ஒரு மாற்றுச்சாவி எடுத்து வைப்பது வழக்கம். அந்தச் சாவி டப்பாவைப் போலீஸ் எடுத்துவிட்டது. கடையில் உட்காருகிறவர்கள் இரண்டே பேர், மாமனாரும் மருமகனும்.

"நான் சண்டை போட்டதுலதான் அந்தச் சரண்டர் ஃபாரம் வெளிய வந்து போலீஸ் கைக்குப் போச்சு. அதுல, அறிவிப்பு வேணுமாங்கற கட்டத்துல டிக் இருக்கு மேடம். ஃபாரம் கொண்டுவந்தவர்னு என் வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு. போலீசுக்கு அது போதுமே. காலையிலேருந்து ஸ்டேஷன்ல உக்கார வச்சிருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள வேற மாதிரி சொல்ற காகிதம் ஏதாவது கொண்டுவந்தா பாக்கறேன், இல்லேன்னா கேஸ் எழுதிடுவேன்னு இன்ஸ்பெக்டர் சொல்லிட்டார்."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"அந்தக் கட்டத்தையே பாக்கலைங்கறார்."

"நீங்க நம்புறீங்களா?"

 "அப்பாவை எதிர்த்துக்கிட்டு அவரைக் கட்டிக்கிட்டேன். இப்ப நம்பலேன்னா இந்த ஆறு வருஷமும் பொய்யாப் போயிடும் மேடம்," என்றாள். அது நம்புகிறேன் என்கிற பதில் இல்லை என்பதைக் கண்டக்டர் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

"பில் வந்தப்ப அப்பா என்ன சொன்னார்?"

"கட்டித் தொலைம்மான்னார். முந்நூத்தி நாப்பதுதானே, அதுக்குப் போய் யாரு அலையறதுன்னார். எனக்கே ஆச்சரியம். பஸ்ல சில்லறை பாக்கின்னா ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கியாவது வாங்கிட்டுத்தான் வருவார்."

"எனக்கு அவரைத் தெரியாது, ஆனா அவரை மாதிரி நூறு பேரைத் தெரியும்," என்றார் கண்டக்டர். சொல்லிவிட்டு டீச்சரின் காதருகே குனிந்தார். "கஞ்சன் கையை அவுக்கறான்னா காரணம் இருக்கு டீச்சர். மருமகன் பண்ணினது மாமனாருக்குத் தெரிஞ்சுபோச்சு. பொண்ணு வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு மூடி மறைக்கப் பாத்திருக்கார்."

 அந்தப் பெண் கொண்டுவந்திருந்த படிவத்தின் நகலை டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கண்டக்டர் பக்கம் திருப்பினார்.

"இந்த டிக்கைப் பாத்தா என்ன தோணுது?"

"டிக் மாதிரி தோணுது."

"மத்த கட்டத்தையெல்லாம் பாருங்க. பேர், விலாசம், கருவி திருப்பிக் குடுத்தாச்சா, பாக்கி இருக்கா. ஒவ்வொண்ணும் கட்டத்துக்குள்ள அடங்கி, பயந்து பயந்து போட்ட மாதிரி சின்னதா இருக்கு. ஆபீஸ் ஃபாரம்னா ஜனங்க அப்படித்தான் எழுதுவாங்க. இது மட்டும் கட்டத்தை விட்டு வெளிய ஓடி, அடுத்த வரி வரைக்கும் வால் நீட்டியிருக்கு. ஒரு நாளைக்கு நூறு டிக் போடுற கை. நானும் இருபத்தாறு வருஷம் இப்படித்தான் போட்டேன்." டீச்சர் எழுந்து கைப்பையை எடுத்தார். "டெலிபோன் ஆபீஸ்ல கவுண்டரை நாலு மணிக்கு மூடிடுவாங்க. கிளம்பலாம்."

டெலிபோன் ஆபீஸ் கூடத்தில் ஒன்பது கவுண்டர் இருந்தது, ஆள் இருந்தது இரண்டில். டோக்கன் எந்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் கவுண்டரில், கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிய ஓர் அம்மாள், ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டுக் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற இன்னும் நாலு மாசம் இருப்பதாக அவரே யாரும் கேட்காமல் சொன்னார். அந்தப் பெண்ணைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"உன்னைத்தான்மா நெனச்சுட்டிருந்தேன். உன் புகாரை மேல ஏத்துக்கிட்டாங்க. மூடின கணக்கு, அதுல பில் போட்டது தப்புன்னு இன்னிக்குத்தான் ஆர்டர் வந்தது. ஒரு கையெழுத்துப் போட்டா தள்ளுபடி."

"ஜெயிச்சாச்சு," என்றார் கண்டக்டர். "ஆளு உள்ள இருக்காரு, முந்நூத்தி நாப்பது வெளிய வந்துடுச்சு."

டீச்சர் படிவ நகலைக் கவுண்டர் கண்ணாடியின் இடுக்கு வழியே உள்ளே தள்ளினார். "இந்த டிக் நீங்க போட்டதுதானே?"

கவுண்டர் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஆமா. என்னோடதுதான்."

பூட்டுக்காரர் மகள் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களா?"

"சரண்டர் ஆகி ஏழு நாளைக்குள்ள வந்து அறிவிப்பு கேட்டா தனி ஃபாரம் கிடையாதும்மா. பழைய ஃபாரத்தை ஃபைல்லேருந்து எடுத்து நாங்களே டிக் போட்டு, புது நம்பரைக் கம்ப்யூட்டர்ல ஏத்திடுவோம். எங்க பழக்கம் அப்படி."

"போலீஸ்கிட்ட இதைச் சொல்லலியா?" என்றார் டீச்சர்.

"ஃபாரம் கொண்டுவந்தது யாருன்னு கேட்டாங்க, காட்டினேன். டிக் போட்டது யாருன்னு கேக்கலையே. கேக்காததைச் சொன்னா இந்த ஆபீஸ்ல மெமோ குடுப்பாங்க." சொல்லும்போதே அவருக்கு அது அவ்வளவு நன்றாகப் படவில்லை போலிருக்கிறது, ஸ்பாஞ்சைத் தள்ளி வைத்தார்.

"அப்ப, ஃபாரம் குடுத்தப்புறம் ஒரு ஆள் தனியா வந்து கேட்டிருக்கார். யாரு?"

"சரண்டர் ரசீது கையில இருந்தா போதும், யாருன்னு பாக்க மாட்டோம். ஆனா இந்த ஆளை மறக்க முடியாது." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "புது நம்பர் குடுத்தா நான் இங்கேருந்தே ஒரு தடவை அடிச்சுப் பாத்துடுவேன். முன்னொரு தடவை ஒரு நம்பர் மாறிப்போய், யாரோ ஒரு தாத்தா வீட்டுக்கு மாசம் பூரா சினிமா டிக்கெட் கேட்டு போன் வந்தது. அதுலேருந்து இந்தப் பழக்கம். இவர் குடுத்த நம்பருக்கு அடிச்சா, இவர் பையிலயே மணி அடிச்சுது."

"முகம் ஞாபகம் இருக்கா?"

"முகம் எங்க காட்டினார்? நல்ல மழை அன்னிக்கு. ஹெல்மெட்டைக் கழட்டவே இல்ல. சிவப்பு ஹெல்மெட். குரல் மட்டும் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி கரகரன்னு இருந்தது."

கண்டக்டர் தன்னையறியாமல் பூட்டுக்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். அது பேயறைந்த மாதிரி ஆகியிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் ஹெல்மெட் என்ன கலர்மா?" என்று கேட்டார், முடிந்தவரை மெதுவாக.

"சிவப்பு," என்றாள்.

"பூட்டு வேலை தெரிஞ்சவர் வேற," என்று கவுண்டர் அம்மாள் உற்சாகமாகத் தொடர்ந்தார். என்ன உடைந்துகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "என் டிராயர் பூட்டு வருஷக்கணக்கா மக்கர் பண்ணிட்டிருந்தது. நான் திருகித் திருகி இழுக்கறதைப் பாத்துட்டு நின்னார். அப்புறம் டிராயரை அப்படியே கழட்டிக் குடுங்கன்னு வாங்கி, கண்ணாடி இல்லாத இந்த ஓரத்துல கவுண்டர் மேலயே வச்சு, பையிலேருந்து என்னமோ எடுத்து ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிட்டார். காசு குடுத்தேன், வாங்கல."

சங்கதி முடிந்துவிட்டது என்று கண்டக்டர் நினைத்தார். சிவப்பு ஹெல்மெட், பூட்டு வேலை, பையில் அடித்த மொபைல். டிக்கெட் இல்லாத ஆள் கடைசி சீட்டில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறான், இறக்கிவிட வேண்டியதுதான் பாக்கி. பாவம், இந்தப் பெண் புருஷனைக் காப்பாற்ற ஆள் கூட்டி வந்து, அவனுக்குக் கடைசி ஆணியையும் தானே அடித்துக் கொடுத்துவிட்டாள். அவளை வெளியே பெஞ்சுக்குக் கூட்டிப் போய் உட்கார வைக்கலாம் என்று அவர் கையை நீட்டினார்.

"இருங்க," என்றார் டீச்சர். கவுண்டர் பக்கம் திரும்பினார். "திருட்டுத்தனமா வந்த ஆளு. முகத்தைக்கூட மறைச்சுக்கிட்டு வந்திருக்கான். அவன் நின்னு நிதானமா உங்க டிராயரை ஏன் சரி பண்ணணும்?"

"பாவம்னு பண்ணியிருப்பார்."

"பாவம் பாத்து இல்ல. கோணலா இருக்கற பூட்டைப் பாத்தா கை சும்மா இருக்காது. முப்பது வருஷப் பழக்கம் மூளையைக் கேக்காம வேலை செய்யும். அப்படிப்பட்ட கை வேலையை முடிச்சதும் இன்னொண்ணும் செஞ்சிருக்கும். அந்த டிராயரை ஒரு தடவை வெளிய எடுங்களேன்."

கவுண்டர் அம்மாள் பூட்டைத் திறந்து டிராயரைக் கழற்றினார். ரப்பர் முத்திரை, குண்டூசி டப்பா, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட் எல்லாவற்றையும் மேஜையில் கொட்டிவிட்டு, காலி டிராயரை அதே ஓரத்தில் கவுண்டர் மேல் நிமிர்த்தி வைத்தார். பூட்டுக்குப் பின்னால், உள்பக்கப் பலகையில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சாவி படம், அதன் கீழே மூடப்பட்ட லேண்ட்லைனின் நம்பர். நம்பருக்குக் கீழே பேனாவால் ஒரு தேதி, பதினேழு.

"தேதி எதுக்கு?" என்றார் கண்டக்டர்.

"ஒரு வருஷ கேரண்டி," என்றாள் பூட்டுக்காரர் மகள். குரல் எங்கிருந்தோ வந்தது. "பூட்டுல கை வச்ச தேதியை அப்பா எழுதுவார். ஸ்டிக்கர் கட்டு அப்பா சட்டைப் பையிலதான் இருக்கும். இவருக்கு ஒண்ணுகூடக் குடுத்ததில்ல. நாலு வருஷம் கூட உக்காந்து வேலை செஞ்சும், இன்னும் கை பக்குவப்படலைன்னுடுவார்." அவள் டிராயரைத் தன் பக்கம் இழுத்து, ஸ்டிக்கருக்கு வெகு அருகே குனிந்தாள். "ஏழுக்கு நடுவுல கோடு. அப்பாதான் ஏழை இப்படிப் போடுவார். இது அப்பா எழுத்து."

 கவுண்டர் அம்மாள் காலண்டர் தாளில் அட்டை போட்ட தன் நோட்டுப்புத்தகத்தை எடுத்து, போன் அடித்துப் பார்த்த கணக்கைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. அவரும் பதினேழு என்றுதான் எழுதியிருந்தார். மருமகன் படிவம் கொடுத்தது பதினைந்தாம் தேதி.

"பதினேழு," என்றாள் அந்தப் பெண். "அன்னிக்கு அவர் ஊர்லயே இல்ல. அவங்க அக்காவுக்கு ஆபரேஷன். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்தார், தேதி போட்ட ஆஸ்பத்திரி பாஸ்கூட வீட்டுல இருக்கு. மழைன்னு பஸ்ல போனார். ஹெல்மெட் வாசல் ஆணியிலதான் தொங்கிட்டிருந்தது, வீட்டுல இருக்கறவங்க யாரு வேணா எடுத்திருக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஆனா, ஜனங்க கூப்பிடறது அப்பாவுக்கு வேணும்னா போனை ஏன் மூடணும்?"

"லேண்ட்லைன் வீட்டுல அடிச்சா யாரு எடுப்பா?"

"நான்தான்."

"அதான். கூப்பிடறவங்க உங்ககிட்ட பேசக் கூடாது. நேரா அவர் பையில பேசணும். ஓய்வு எடுத்துக்கிட்டேன்னு ஊருக்குச் சொன்ன மாதிரியும் ஆச்சு. மூடின கணக்குக்குப் பில் வராதுன்னு நீங்க நெனச்ச மாதிரியே அவரும் நெனச்சிருக்கார். அறிவிப்புக்கு மூணு மாசம் கழிச்சு மொத்தமா கேப்பாங்கன்னு அவருக்குத் தெரியல."

"எதுக்கு மேடம்? அவருக்கு என்ன கொறச்சல்?"

"அதை அவர்தாம்மா சொல்லணும்."

கண்டக்டருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கூட்டத்தில் யாரையெல்லாம் சந்தேகப்பட்டார், டிக்கெட் வாங்காமல் முன்வாசல் பக்கம் பெரிய மனுஷனாக நின்றவரை மட்டும் விட்டுவிட்டார். கடியாரம் மூன்று நாற்பத்தெட்டு காட்டியது.

"இன்ஸ்பெக்டருக்குக் காகிதம் வேணும்," என்றார் டீச்சர். "பதினேழாம் தேதிதான் சேவை கேட்டாங்கன்னு ஆபீஸ் முத்திரையோட சான்று குடுப்பீங்களா?"

கவுண்டர் அம்மாள் தயங்கினார். "குடுக்கலாம். ஆனா பில் கட்டியிருந்தாத்தான் அந்தச் சான்று வரும். இந்தம்மா புகார்தான் ஜெயிச்சுடுச்சே. தள்ளுபடிக்குக் கையெழுத்துப் போட்டா அந்தப் பதிவே ரத்தாயிடும். ரத்தான பதிவுக்குச் சான்று கிடையாது. என் நோட்டு என் சொந்த நோட்டு, டிராயர் ஸ்டிக்கரை யாரு மதிப்பாங்க?" தள்ளுபடிப் படிவத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டுல ஒண்ணு சொல்லும்மா. எனக்குப் பத்து நிமிஷத்துல கேஷ் மூடணும்."

புகாரில் ஜெயித்ததாகக் கையெழுத்துப் போட்டால் அப்பாவுக்கு எதிராக ஆபீஸில் ஒரு எழுத்துகூட மிஞ்சாது. அஞ்சு மணிக்குப் புருஷன் மேல் கேஸ் எழுதப்படும். பில் சரி என்று கட்டினால் புருஷன் இன்று சாயங்காலம் வீட்டுக்கு வருவான், அப்பா போவார்.

அவள் கைப்பையில் மொபைல் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். திரையில் அப்பா என்று இருந்தது. எடுக்காமல் விடுவாள் என்று கண்டக்டர் நினைத்தார். எடுத்தாள்.

கூடம் காலியாக இருந்ததால் மறுமுனைக் குரல் கொஞ்சம் வெளியே கேட்டது. "எங்கம்மா இருக்கே? மத்தியானம் சாப்பிட்டியா? அவனை நெனச்சு அழுதுட்டிருக்காதே. போறவன் போகட்டும், அப்பா இருக்கேன்ல உனக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமையைத் தாண்டித் தண்ணீர் இறங்கியது, ஆனால் குரலில் அது தெரியவில்லை. "சாப்பிட்டேன்ப்பா. நீங்க எங்கயும் போகாதீங்க. வீட்டுலயே இருங்க."

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். பணத்தை எடுத்து எண்ணி, கண்ணாடி இடுக்கு வழியே உள்ளே வைத்தாள்.

"பில் சரியாத்தான் வந்திருக்கு," என்றாள். "நான்தான் தப்பா நெனச்சுட்டேன். கட்டிடறேன், சான்று குடுங்க."

கவுண்டர் அம்மாள் பணத்தை வாங்கி வைத்துவிட்டுத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். ரசீதில் ஓர் இடம் வந்ததும் விரல் நின்றது. வழக்கமாகக் கேட்கிற கேள்விதான். ஆயிரம் தடவை கேட்டிருப்பார். இந்தத் தடவை நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"கட்டறவங்க, கணக்குக்காரருக்கு என்ன உறவு?"

"மகள்," என்றாள்.